ஓடைக்குப் பெயர் இருக்கு, சொல்ல ஆள் இருக்கா? ஸ்காட்லாந்து வரைபடங்களில் கேலிக் பெயர்கள் பதிவாவது எப்படி?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருக்கிறது லூயிஸ் தீவு. அதன் வரைபடத்தை செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தால், நிலம் எது, தண்ணீர் எது என்று பிரிப்பதே கஷ்டம். அத்தனை ஏரிகள், குட்டைகள், ஓடைகள். அவற்றில் ஏராளமானவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் உண்டு.

அந்தப் பெயர்களை வாசிக்க ஆங்கிலேயர்களே திணறுவார்கள். காரணம், அவை கேலிக் மொழிப் பெயர்கள். 19-ம் நூற்றாண்டில் வரைபடத்துக்காக அவற்றை எழுதிய ஊழியர்கள் பலருக்கு கேலிக் தெரியாது. பெயரைச் சொன்ன ஊர்க்காரர்கள் பலருக்கு அதை எழுதத் தெரியாது. இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து உருவாக்கியதுதான் இன்று நாம் பார்க்கும் வரைபடம்.

'ஒரு குட்டி ஓடைக்கு என்ன பேர் எழுதினா என்ன, இதுல என்ன பெரிய பிரச்னை?' என்று கேட்கலாம். அந்தப் பெயர்களைப் புழங்கி வளர்ந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது என்பதுதான் பிரச்னை. ஒரு மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் பெயர், அங்கே வாழ்ந்தவர் சொன்னால்தான் தெரியும்.

ஏரிகள், ஓடைகளின் கேலிக் பெயர்கள் எப்படி வரைபடத்தில் ஏறின? எங்கே பிசகின? இப்போது எப்படிப் பதிவு செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கேலிக் யார் பேசும் மொழி?

கேலிக் என்பது ஆங்கிலத்தின் வட்டார வழக்கு கிடையாது. செல்டிக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி. அயர்லாந்தின் ஐரிஷ் மொழிக்கு நெருங்கிய சொந்தம். ஸ்காட்லாந்தில் இதை 'காலிக்' என்று உச்சரிப்பார்கள். ஒரு காலத்தில் அந்நாட்டின் பெரும்பகுதியில் பேசப்பட்ட இந்த மொழி, நூற்றாண்டுகள் போகப்போக, 'ஹைலேண்ட்ஸ்' எனப்படும் வடக்கு, மேற்கு மலைப்பகுதிக்குள்ளும் தீவுகளுக்குள்ளும் சுருங்கியது.

1746-ல் நடந்த கலோடன் போரில் ஹைலேண்ட்ஸ் வீரர்கள் அதிகம் இருந்த யாக்கோபியப் படை தோற்றது. அடுத்த நூறாண்டுகளில் ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் விடுவதற்காக நிலவுடைமையாளர்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். வரலாற்றில் இதற்கு 'ஹைலேண்ட் கிளியரன்சஸ்' என்று பெயர். 1872-ல் வந்த கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு வரவைத்தது. ஆனால் கேலிக்குக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2,54,000 பேர் கேலிக் பேசுவதாகப் பதிவானது. 2011-ல் அது சுமார் 57,000 ஆகக் குறைந்திருந்தது.

ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் வெளியேறும்போது வீடுகளின் சுவர்களாவது மிஞ்சும். அங்கிருந்த ஓடையின் பெயரைக் கூப்பிட ஆள் இல்லாவிட்டால், பெயர் மிஞ்சாது.

தண்ணீருக்கு இத்தனை சொற்களா?

தமிழில் ஏரி, குளம், கண்மாய், ஊருணி, தாங்கல் என்று நீர்நிலைக்கு ஏற்பப் பெயர் மாறும் இல்லையா? கேலிக்கிலும் அப்படித்தான்.

'லாக்' என்றால் ஏரி. கடல் நீர் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்திருந்தால் அதுவும் 'லாக்'தான். உலகப் புகழ்பெற்ற 'லாக் நெஸ்' ஏரியின் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான். உண்மையில் கடைசி ஒலி 'க்' போல வெடிக்காது. தொண்டையை உரசிக்கொண்டு காற்றாக வெளியே வரும். சின்ன ஏரி என்றால் 'லாக்கன்'.

ஓடும் தண்ணீருக்கு இன்னும் நுணுக்கமான சொற்கள். 'அவின்' என்றால் ஆறு. 'ஆல்ட்' என்றால் மலையிலிருந்து இறங்கும் ஓடை. 'ஃபெடன்' என்பது மேட்டுநில ஏரியிலிருந்து கிளம்பும் சிறு ஓடை. இசைக்கருவியின் குழலுக்கும் இதே சொல். 'கூஹன்' என்றால் புல்லும் புதரும் மூடி, கண்ணுக்கே தெரியாமல் ஓடும் நீர்க்கோடு. 'ஃபே' என்பது சதுப்பில் ஊர்ந்து செல்லும் வாய்க்கால். உடம்பில் ஓடும் நரம்புக்கும் இதே சொல்தான்.

'இன்வர்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர் பார்த்தால், அங்கே ஒரு ஆறு கடலிலோ ஏரியிலோ இன்னொரு ஆற்றிலோ சேர்கிறது என்று பொருள். நெஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் நகரம்தான் இன்வர்னெஸ்.

இந்த அடிப்படைச் சொல்லோடு நிறம், அளவு, விலங்கு, மரம், ஆள் என்று ஏதாவது ஒன்று சேரும். 'துவ்' என்றால் கருப்பு, 'ஃபியூன்' என்றால் வெளிர் நிறம். ஹைலேண்ட்ஸின் வடமேற்கில் 'ஃபியூன் லாக்' என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதை ஒட்டியே 'துவ் லாக்'. வெள்ளேரியும் கருப்பேரியும் அக்கம்பக்கம். 'கெய்ர்ன்கோர்ம்ஸ்' மலைப்பகுதியில் 'அன் லாக்கன் ஊவன்யே', அதாவது பச்சைக் குட்டை என்று ஒன்று உண்டு. தண்ணீர் நிஜமாகவே பச்சையாக இருக்கும். தேவதைகள் தங்கள் பச்சை உடைகளை அங்கே துவைத்ததால் வந்த நிறம் என்று உள்ளூரில் கதை சொல்வார்கள்.

முதலில் எழுதியது யார்?

ஸ்காட்லாந்தை விரிவாக வரைந்த முதல் ஆள் என்று டிமதி பாண்டைச் சொல்கிறார்கள். 1580-கள், 1590-களில் நாடு முழுக்கச் சுற்றி அவர் வரைந்த கையெழுத்து வரைபடங்கள்தான், 1654-ல் ஆம்ஸ்டர்டாமில் பிளாவு நிறுவனம் வெளியிட்ட ஸ்காட்லாந்து அட்லஸுக்கு அடிப்படை.

அடுத்து வந்தது ராணுவம். கலோடன் போருக்குப் பிறகு, மலைப்பகுதியில் படையை நகர்த்த நல்ல வரைபடம் இல்லை என்பது தெரிந்தது. 1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் தலைமையில் ராணுவ அளவைப் பணி நடந்தது. பிறகு 1791-ல் 'ஆர்டனன்ஸ் சர்வே' தொடங்கப்பட்டது. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமாக இன்றும் இருப்பது இதுதான்.

பெயர்களைப் பொறுத்தவரை பெரிய வேலை நடந்தது 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஒரு மைல் தூரத்தை ஆறு அங்குலமாகக் காட்டும் விரிவான வரைபடத்துக்காக, ஆர்டனன்ஸ் சர்வே ஊழியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். லூயிஸ் தீவில் அந்த வேலை 1848-ல் தொடங்கியது. கிடைத்த பெயர்களை எல்லாம் 'நேம் புக்' என்ற பெயர்ப் பதிவேடுகளில் எழுதினார்கள்.

அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும்? வரைபடத்தில் போடப்போகும் பெயர், அதே பெயருக்குக் கிடைத்த வேறு வேறு எழுத்து வடிவங்கள், அந்த வடிவத்துக்குச் சாட்சி சொன்னவர் யார், இடம் எங்கே இருக்கிறது, அது எப்படிப்பட்ட இடம் என்ற குறிப்பு. இத்தனைக்கும் தனித்தனிக் கட்டம். சாதாரணமாக ஒரு பெயருக்கு இரண்டு, மூன்று பேரின் சாட்சி வாங்குவார்கள்.

யாரைக் கேட்டார்கள்?

இங்கேதான் சிக்கல். சாட்சி சொல்ல யாருக்குத் தகுதி?

பெரும்பாலும் நிலவுடைமையாளர், அவருடைய எஸ்டேட் மேலாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்டனன்ஸ் சர்வே தன் கள ஊழியர்களுக்குத் தந்த அறிவுறுத்தல், சிறு விவசாயிகளையும் குடிசைவாசிகளையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட நம்ப வேண்டாம் என்கிற அளவுக்குப் போனது. எழுத்துக்கூட்டல் விஷயத்தில் குறிப்பாக.

அதிகாரிகள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுத்துக்கூட்டல் கேட்க முடியாது. ஆனால் மலைமேல் இருக்கும் ஓடையின் பெயர் யாருக்குத் தெரியும்? ஆடு மேய்ப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் கரி வெட்டப் போகிறவருக்கும்தான் தெரியும். நிலத்தின் சொந்தக்காரர் ஊரிலேயே இல்லாமல் இருக்கலாம். அவருக்குக் கேலிக்கே தெரியாமலும் இருக்கலாம்.

நல்ல முயற்சிகளும் நடந்தன. கேலிக் பாடல்களையும் வழிபாட்டு வரிகளையும் திரட்டியதற்காக அறியப்பட்ட அலெக்சாண்டர் கார்மைக்கேல், ஹெப்ரிடிஸ் தீவுகளில் ஆர்டனன்ஸ் சர்வேக்காகப் பெயர்கள் சேகரிப்பதில் உதவினார். அந்த மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்த இடத்தில் பெயர்கள் பிழைத்தன. இல்லாத இடத்தில் அதிர்ஷ்டம்தான்.

லூயிஸில் பிறந்து சென்னையில் வேலை பார்த்த சர்வேயர்

வரைபட வரலாற்றில் இந்தத் தீவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி பிறந்தது லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊரில்தான். கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை மாகாணப் படையில் இருந்தவர், திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் நிலப்பகுதியை அளந்தார். 1815-ல் இந்தியாவுக்கே சர்வேயர் ஜெனரல் ஆனார்.

நிலத்தை அளந்ததோடு அவர் நிற்கவில்லை. காவலி வெங்கட போரய்யாவும் அவருடைய சகோதரர்களும் தென்னிந்திய மொழிகளில் ஊர் வரலாறு, கோயில் வரலாறு, கல்வெட்டு என்று திரட்டிக் கொடுத்தார்கள். அந்த உதவியாளர்கள் இல்லாமல் மெக்கன்சி தொகுப்பு உருவாகியிருக்காது. அதன் ஒரு பெரும்பகுதி இன்றும் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. சென்னையோ ஸ்டோர்னோவேயோ, சர்வேயர் கையில் கருவி எத்தனை நல்லதாக இருந்தாலும், பெயருக்கு உள்ளூர்க்காரரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

எழுத்துக்கூட்டலில் அப்படி என்ன குழப்பம்?

ஒரு எளிய உதாரணம். கேலிக்கில் மாவு ஆலைக்கு 'முலன்' என்று பெயர். 'ஆலையின்' என்று வேற்றுமை சேரும்போது கடைசி ஒலி மாறி 'முலின்' ஆகும். முன்னால் 'அந்த' என்ற பொருள் தரும் சொல் வந்தால் முதல் ஒலியும் மாறி 'வுலின்' ஆகிவிடும். ஆனால் எழுதும்போது 'எம்' எழுத்தை எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு 'ஹெச்' சேர்ப்பார்கள். 'எம்', 'ஹெச்' சேர்ந்தால் 'வ' ஒலி.

பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸின் வடக்கு முகத்திலிருந்து இறங்கும் ஓடை 'ஆல்ட் அ வுலின்', அதாவது ஆலை ஓடை. வரைபடத்தில் இது கேலிக் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. அதே 'வுலின்', இஸ்லே தீவில் 'லாகவுலின்' ஆக நிற்கிறது. ஆம், அந்த விஸ்கி பிராண்டின் பெயர்தான். 'ஆலைப் பள்ளம்' என்று பொருள். இங்கே ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி 'வி' போட்டு எழுதிவிட்டார்கள். ஓடையிலும் விஸ்கியிலும் இருப்பது ஒரே சொல்தான். கேலிக் தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் சம்பந்தமே இல்லாதவை.

இலக்கணம் தெரியாமல், காதில் விழுந்ததை மட்டும் எழுதினால் அர்த்தம் தொலையும். இலக்கணப்படி மட்டும் எழுதினால், உள்ளூர் உச்சரிப்பு தொலையும். இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் முழுப் பெயர்.

சில சமயம் பெயரே இடம் மாறிவிடும். 'கெய்ர்ன்கோர்ம்ஸ்' என்று உலகம் அறிந்த மலைத்தொடருக்குக் கேலிக்கில் பெயர் 'அம் மோனா ரூவா', அதாவது செம்மலைத் தொடர். 'அன் கார்ன் கோரம்' என்ற நீல மலை, அந்தத் தொடரில் உள்ள ஒரே ஒரு சிகரம். ஆங்கிலத்தில் அந்தச் சிகரத்தின் பெயர் முழுத் தொடருக்கும் ஒட்டிக்கொண்டது. சிவப்பு மலை நீல மலை ஆனது இப்படித்தான்.

ஒரு பெயர் என்னவெல்லாம் சொல்லும்?

'கின்லாக்' என்று தொடங்கும் ஊர்கள் ஸ்காட்லாந்தில் நிறைய. 'ஏரியின் தலைமாடு' என்று பொருள். 'கின்லாக்யூ' என்ற ஊர், பெயர்ப்படி பார்த்தால் 'லாக் யூ'வின் தலைமாட்டில் இருக்க வேண்டும். ஆனால் அது இருப்பதோ 'லாக் மரீ' ஏரியின் தலைமாட்டில். லாக் யூ என்பது பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடல் வளைகுடா. இரண்டையும் இணைக்கும் ஆற்றின் பெயரும் 'யூ'.

அப்படியானால்? லாக் மரீக்கு முன்பு லாக் யூ என்றே பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 673-ல் ஆப்பிள்கிராஸ் என்ற இடத்தில் மடம் அமைத்த துறவி மேல்ருவாவின் பெயரால் ஏரி பின்னாளில் 'மரீ' ஆனது. ஏரி பெயர் மாறிவிட்டது, ஊர் மட்டும் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

லூயிஸ் தீவின் 'லாக் லங்கவட்' இன்னொரு சுவாரஸ்யம். கேலிக்குக்கு முன்பு இந்தத் தீவில் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி புழங்கியது. நார்ஸில் 'லங்' என்றால் நீளம், 'வட்ன்' என்றால் ஏரி. நீளேரி. பின்னால் வந்த கேலிக் பேச்சாளர்கள் அதற்கு முன்னால் தங்கள் 'லாக்' சொல்லைச் சேர்த்தார்கள். ஆக மொத்தம் 'ஏரி நீளேரி'. 'கேட்டு வாசல்' என்று நம் ஊரில் சொல்கிற மாதிரிதான்.

சூழலியலாளர்களுக்கும் இந்தப் பெயர்கள் தேவைப்படுகின்றன. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் 'ஆல்ட்பே' என்ற இடம் உண்டு. 'பிர்ச் மர ஓடை' என்று பொருள். சுற்றிலும் பெரும்பாலும் மரமற்ற மலைச்சரிவு. ஆனால் ஒரு காலத்தில் ஓடைக்கரையில் பிர்ச் மரம் நின்றதைப் பெயர் ஞாபகம் வைத்திருக்கிறது. அன்னம், ஓநாய், டிரவுட் மீன் என்று எந்த உயிரினம் எங்கே இருந்தது என்பதற்கும் ஏரி, ஓடைப் பெயர்கள் ஒரு தடயம். தடயம் மட்டும்தான், பெயரை வைத்தே முடிவு கட்டிவிட முடியாது என்பதையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

'ஆரி' என்ற சொல் வரும் ஓடைகளும் ஏரிகளும் ஏராளம். கோடைக்காலத்தில் மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்று, குடும்பத்தோடு தங்கும் மேய்ச்சல் குடிசைக்கு 'ஆரி' என்று பெயர். அந்த வாழ்க்கைமுறை மறைந்துவிட்டது. எங்கே தங்கினார்கள் என்பதைத் தண்ணீரின் பெயர் காட்டுகிறது.

இப்போது எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

முதல் வேலை, பழைய ஆதாரங்களைத் திரட்டுவது. பாண்ட் வரைபடம், ராய் வரைபடம், நேம் புக், எஸ்டேட் வரைபடங்கள், பழைய பத்திரங்கள் ஆகியவற்றில் ஒரே பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று வரிசைப்படுத்துவார்கள். பழைய வடிவம், பெயரின் மூலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, களப்பணி. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-ல் 'ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ்' தொடங்கிய பிறகு, இந்தப் பணிக்கு டேப் ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. பெரிய அளவு வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்து, 'இந்த ஓடைக்கு என்ன பேரு? இது சேர்ற குட்டைக்கு?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பது ஒரு முறை. முடிந்தால் ஆளையே அந்த இடத்துக்குக் கூட்டிப் போவது இன்னொரு முறை. இடத்தைக் கண்ணால் பார்க்கும்போது, உட்கார்ந்த இடத்தில் ஞாபகம் வராத பெயர்கள் வரும்.

மூன்றாவது, ஒலி. கேலிக் இடப்பெயர்களில் அழுத்தம் பொதுவாக அடையாளம் காட்டும் சொல்லின் மேல்தான் விழும். 'லாக் துவ்' என்றால் அழுத்தம் 'துவ்' மேல். எந்த அசையில் அழுத்தம் என்பது தெரிந்தால், பெயரை எங்கே பிரித்துப் பொருள் கொள்வது என்பதும் தெரியும். எழுத்தில் மட்டும் இருக்கும் பெயரில் இந்தத் தகவல் இருக்காது.

நான்காவது, துல்லியமான இடம். ஒரே ஓடைக்கு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் இருக்கும். நடுவில் ஒரு மடுவுக்கும், ஆளிறங்கிக் கடக்கும் துறைக்கும் தனிப் பெயர் இருக்கும். 'லாக்கன் துவ்' என்ற கருங்குட்டைகள் எத்தனையோ உண்டு. எந்தக் குட்டை என்று ஆயத்தொலைவோடு குறிக்காவிட்டால், பதிவு இருந்தும் பயன் இல்லை.

ஐந்தாவது, எழுத்து வடிவம். 1981-ல் கேலிக் எழுத்து விதிகள் முறைப்படுத்தப்பட்டன. அதுவரை உயிரெழுத்துகளின் மேல் இரண்டு திசைகளில் போடப்பட்ட சாய்கோடுகளில் ஒன்று கைவிடப்பட்டது. ஆனால் பழைய வரைபடங்களில் பழைய வழக்கம்தான். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, வரைபடத்துக்கும் சாலைப் பலகைக்கும் எந்த வடிவம் சரி என்று பரிந்துரைப்பது 'எனமன் ஆச்சே ந ஹலபா' என்ற அமைப்பு. 'ஸ்காட்லாந்தின் இடப்பெயர்கள்' என்பதுதான் அதன் பொருள். ஸ்கை தீவில் உள்ள சவல் மோர் ஆஸ்டிக் கேலிக் கல்லூரியில் இது இயங்குகிறது. ஆர்டனன்ஸ் சர்வேயும் கேலிக் பெயர்களுக்கெனத் தனிக் கொள்கை வைத்திருக்கிறது.

பதிவானால் மட்டும் போதுமா?

போதாது. வரைபடத்தில் இடம் வேண்டும். மலையேறுபவர்கள் பயன்படுத்தும் 1:25,000 அளவு வரைபடத்தில் இருக்கும் பெயர்கள் பல, 1:50,000 அளவுக்கு வரும்போது காணாமல் போகும். ஓடையின் மூன்று பகுதிகளுக்கு மூன்று பெயர் இருந்தாலும், அச்சில் ஒன்றுதான் ஏறும்.

1897 முதல் 1909 வரை விஞ்ஞானி ஜான் முர்ரேயும் லாரன்ஸ் புல்லரும் முன்னின்று நடத்திய ஆய்வில் ஸ்காட்லாந்தின் 562 ஏரிகளின் ஆழம் அளக்கப்பட்டது. 310 மீட்டர் ஆழமுள்ள லாக் மோரார் போன்ற பெரிய ஏரிகளை யாரும் மறக்கப்போவதில்லை. பட்டியலில் வராத ஆயிரக்கணக்கான குட்டைகளின் பெயர்தான் ஊர்க்காரர் நினைவை நம்பி இருக்கிறது.

எந்த வடிவத்தைப் போடுவது என்பதிலும் சண்டை உண்டு. நார்ஸ் மொழியிலிருந்து வந்த பெயரைக் கேலிக் எழுத்தில் எழுதலாமா? கேலிக் மறைந்து தலைமுறைகள் ஆன ஊரில் கேலிக் பெயர்ப்பலகை எதற்கு? வடகோடியில் உள்ள கெய்த்னஸ் பகுதியில் இந்தக் கேள்வியோடு எதிர்ப்பும் எழுந்தது. தங்கள் பகுதியின் பாரம்பரியம் நார்ஸ் சார்ந்தது என்பது அவர்கள் வாதம்.

'அங்கே ஒன்றுமே இல்லை' என்று சொன்னால்?

பெயர் எதற்குப் பயன்படும் என்பதை லூயிஸ் தீவு நேரில் பார்த்தது. தீவின் வடக்கில் பரந்து கிடக்கும் கரிச்சதுப்பு நிலத்தில் பிரம்மாண்டமான காற்றாலைத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. முதலில் 234 காற்றாலைகள். பிறகு 181 ஆகக் குறைக்கப்பட்டது. ஆதரித்தவர்கள் வேலைவாய்ப்பையும் பசுமை மின்சாரத்தையும் சுட்டிக்காட்டினார்கள். அந்த நிலம் வெறும் தரிசு, அங்கே எதுவும் இல்லை என்ற பேச்சும் கிளம்பியது.

உள்ளூர்க்காரர்கள் பலர் அதற்குக் கொடுத்த பதில், பெயர்கள். ஓடை, குட்டை, மேய்ச்சல் குடிசை, நடைபாதை என்று அந்த நிலத்தின் கேலிக் பெயர்களும் சதுப்பு நிலச் சொற்களும் தொகுக்கப்பட்டன. இவ்வளவு பெயர் இருக்கும் இடத்தைக் காலி இடம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதே கேள்வி. எழுத்தாளர் ராபர்ட் மேக்ஃபார்லேன் இதைப் பற்றி எழுதிய பிறகு, இந்தத் தொகுப்பு முயற்சி தீவுக்கு வெளியேயும் தெரியவந்தது.

2008-ல் ஸ்காட்லாந்து அரசு திட்டத்தை நிராகரித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பெயர்கள் இல்லை. பறவைகளின் வாழிடத்தைப் பாதுகாக்கும் ஐரோப்பிய சட்டம். ஆனால் பெயர்ப் பட்டியல் கையில் இருந்ததால், தங்கள் நிலம் என்ன என்பதைத் தங்கள் சொற்களிலேயே விளக்க அந்த மக்களால் முடிந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?

2022 கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் எண்ணிக்கை 69,701 ஆக உயர்ந்தது. நல்ல செய்திதானே? பாதி நல்ல செய்தி. கேலிக் வழிப் பள்ளிகளாலும் புதிதாகக் கற்பவர்களாலும் மற்ற பகுதிகளில் எண்ணிக்கை கூடியது. ஆனால் மொழியின் கோட்டையான மேற்குத் தீவுகளில், கேலிக் பேசுவோர் மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். தீவுகளில் கேலிக் அன்றாடப் பேச்சுமொழியாக நீடிப்பதே நெருக்கடியில் இருப்பதாக 2020-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு எச்சரித்தது.

2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கேலிக்குக்கு அலுவல் மொழித் தகுதி தரும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தால் பள்ளிக்கும் பலகைக்கும் வழி கிடைக்கும். கிளாஸ்கோவில் கேலிக் கற்கும் மாணவிக்கு 'ஆல்ட்' என்றால் ஓடை என்று தெரியும்; ஆனால் லூயிஸில் ஒரு பாட்டியின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை எந்த ஆல்ட் என்று பாட்டிதான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.

கேட்டு வைத்தவை வீண்போகவில்லை. நேம் புக் பதிவேடுகள் இணையத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. பழைய வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பழைய ஒலிப்பதிவுகள் 'டோபர் அன் துவல்ஹிஷ்' என்ற தளத்தில் இருக்கின்றன. 'டோபர்' என்றால் கிணறு, 'துவல்ஹஸ்' என்றால் மரபு. வரைபடத்தில் ஒரு பெயரைத் தொட்டு, அதைச் சொன்னவர் யார் என்பதைப் பதிவேட்டில் தேடி, அந்தச் சொல்லைக் கேலிக் பேசுபவர் வாயாலேயே கேட்கும் அளவுக்குப் பல இடங்களில் வழி இருக்கிறது. பெயரே எழுதப்படாமல் வெறும் நீலக் கோடாக மட்டும் வரைபடத்தில் ஓடும் ஓடைகளுக்குத்தான் இன்னும் ஆள் தேவை.